மூடாமல் அடம்பிடிக்கும் மியூசிக் மென்பொருள்: டாஸ்க் மேனேஜரா, கேபிளா, ரீஸ்டார்ட்டா?

கல்யாண டிராக், முருகன் பாட்டு என்று பெங்களூர் அல்சூரில் வீட்டின் ஓர் அறையிலேயே ரெக்கார்டிங் செய்கிறேன். பாடகி மைக் முன்னால் நிற்கும்போதுதான் மென்பொருள் உறையும். எக்ஸை அழுத்தினால் திரை வெளுத்து ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று நிற்கும். எல்லா வழியையும் பார்த்தாயிற்று. என் ஓட்டு, மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸின் யூஎஸ்பி கேபிளை உருவுவதற்கே.

காத்திருப்பதற்கும் நேரம் உண்டு. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தால் பெரிய சாம்பிள் (வாத்திய ஒலித்துண்டு) ஏதோ ஏறுகிறது, விட்டுவிடுங்கள். ஆல்ட் டேப் போட்டு, பின்னால் ஒளிந்திருக்கும் மெசேஜ் பெட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது எண்ட் டாஸ்க். பிளகின் (மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் எஃபெக்ட், வாத்தியம்) சிக்கல் என்றால் பெரும்பாலும் இதுவே போதும். ஆனால் சிலசமயம் ஜன்னல் மறையும், டீடெய்ல்ஸ் பட்டியலில் பெயர் மட்டும் போகாது. திரும்பத் திறந்தால் ஆடியோ டிவைஸ் வேறெங்கோ பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லும். மென்பொருள் டிரைவரிடம் (கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் புரோகிராம்) ஒன்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது. அந்தப் பதில் வராமல் விண்டோஸால் அதை முழுசாக முடிக்க முடியாது. கமாண்ட் ப்ராம்ப்டில் அடிக்கும் ‘taskkill’ கட்டளையும் அதே கதவைத்தான் கொஞ்சம் பலமாகத் தட்டுகிறது.

கேபிளை உருவினால் என்ன ஆகும்? கருவி போய்விட்டது என்று டிரைவருக்குத் தெரியும், தொங்கிக்கொண்டிருந்த கோரிக்கையைத் தோல்வி என்று திருப்பி அனுப்பும், பிடி விடும். எனக்கு இதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று: எண்ட் டாஸ்க் போடாமல் முதலில் கேபிளை உருவினால், செத்த மாதிரி கிடந்த மென்பொருள் சிலசமயம் எழுந்து, ‘டிவைஸ் இல்லை’ என்று சொல்லிவிட்டு சேவ் பண்ண விடும். எண்ட் டாஸ்க்கோ ரீஸ்டார்ட்டோ அந்த வாய்ப்பைத் தராது. உருவுவதற்கு முன் மானிட்டர் ஸ்பீக்கரை அணையுங்கள், இல்லாவிட்டால் ‘டொம்’ என்று அடிக்கும். மைக்குக்குப் போகும் 48 வோல்ட் ஃபேண்டம் பவரையும் நிறுத்துங்கள். பட்டியலில் பெயர் போன பிறகே திரும்பச் செருகுங்கள்.

லேப்டாப்பின் சொந்த சவுண்டில் வேலை செய்பவர்களுக்கு இது உதவாது. மேக்கில் எனக்குப் பழக்கம் குறைவு. கமாண்ட் ஆப்ஷன் எஸ்கேப் போட்டு ஃபோர்ஸ் குவிட் செய்ததோடு சரி.

ரீஸ்டார்ட் கடைசி. ஷட் டவுன் அல்ல, ரீஸ்டார்ட். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் ஷட் டவுனில் டிரைவர் புதிதாக ஏறாது.

அப்புறம், பாதியில் நின்ற டேக், அதாவது அந்த ஒரு தடவைப் பதிவு. ஏபிள்டன் லைவ் என்ற மியூசிக் மென்பொருள் அடுத்த முறை திறக்கும்போது தானே மீட்கவா என்று கேட்கும். வேவ் ஃபைல் நீளம் பூஜ்யம் என்று காட்டினாலும் சைஸ் மெகாபைட் கணக்கில் இருந்தால் குரல் உள்ளேதான் இருக்கிறது. ஆடாசிட்டி என்ற இலவச ஆடியோ எடிட்டரில் ரா டேட்டாவாக இம்போர்ட் செய்து, ரெக்கார்ட் செய்த அதே பிட், சாம்பிள் ரேட்டை (எனக்கு 24 பிட், 48000 ஹெர்ட்ஸ்) கொடுங்கள். வெறும் இரைச்சலாகக் கேட்டால் ஸ்டார்ட் ஆஃப்செட்டை (எத்தனை பைட் தள்ளிப் படிக்க வேண்டும் என்ற எண்) ஒவ்வொன்றாகக் கூட்டிப் பாருங்கள், குரல் வந்துவிடும்.