செட்அப்பா, ஃபிக்ஸ்சரா, வெறும் ஃபங்ஷனா?

பைத்தான் டெஸ்டுக்கான முன்னேற்பாட்டை மூன்று இடங்களில் வைக்கலாம்: யூனிட்டெஸ்ட் கிளாஸில் ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன் ஓடும் செட்அப் மெத்தட், பைடெஸ்ட் என்ற டெஸ்ட் கருவியின் ஃபிக்ஸ்சர் (டெஸ்டுக்குத் தேவையான பொருளைத் தயாரித்துக் கொடுக்கும் ஃபங்ஷன்), டெஸ்டே நேரடியாகக் கூப்பிடும் சாதாரண ஃபங்ஷன். எது நவீனம் என்று பார்ப்பதைவிட, உருவாக்கிய பொருளை யார், எப்போது மூடுகிறார்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது.

செட்அப் பைத்தானோடே வருகிறது, தனியாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். ஆனால் கிளாஸில் 20 டெஸ்ட் இருந்து 3-க்கு மட்டுமே டேட்டாபேஸ் தேவைப்பட்டாலும் கனெக்‌ஷன் 20 முறை திறக்கும். இன்னொரு பொறியும் உண்டு. முதல் வரியில் கனெக்‌ஷன் திறந்து, இரண்டாம் வரியில் டேபிள் உருவாக்கும்போது எரர் வந்தால் டெஸ்ட் முடிந்தபின் துப்புரவு செய்யும் டியர்டவுன் மெத்தட் ஓடவே ஓடாது. கனெக்‌ஷன் திறந்தபடி கிடக்கும். திறந்த கையோடு, அடுத்த வரியிலேயே மூடும் வேலையை ஆட்கிளீனப் மெத்தடில் பதிந்துவிட்டால் செட்அப் பாதியில் விழுந்தாலும் மூடப்படும். கிளாஸுக்கு ஒருமுறை மட்டும் ஓடும் செட்அப்கிளாஸுக்கும் இதே வசதி பைத்தான் 3.8-இல் வந்துவிட்டது.

ஃபிக்ஸ்சரில் டெஸ்ட் தனக்கு வேண்டியதை ஆர்க்யுமென்ட் பெயராகக் கேட்கிறது, கேட்காததற்குச் செலவில்லை. பொருளை டெஸ்டிடம் கொடுக்கும் யீல்டு வரிக்கு மேலே தயாரிப்பு, கீழே துப்புரவு. இங்கும் அதே ஓட்டைதான்: யீல்டை எட்டும் முன் எரர் வந்தால் கீழ்ப்பகுதி ஓடாது. அதனால் ஒரு ஃபிக்ஸ்சருக்கு ஒரு பொருள் என்று பிரித்து வையுங்கள்.

பலர் வழுக்கி விழுவது ஸ்கோப்பில், அதாவது ஃபிக்ஸ்சர் தரும் பொருள் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் என்பதில். வேகத்துக்கு ஆசைப்பட்டு, பயனர் பட்டியலை, முழு ஓட்டத்துக்கும் ஒரே பொருளைத் தரும் செஷன் ஸ்கோப்பில் வைப்பார்கள். ஒரு டெஸ்ட் அதில் ஒருவரைச் சேர்க்கும். அடுத்தது பட்டியல் காலியாக இருக்குமென்று நம்பித் தோற்கும். அதையே தனியாக ஓட்டினால் பாஸ்! கனெக்‌ஷனைச் செஷனில் வைத்து, டிரான்சாக்‌ஷனை ஒவ்வொரு டெஸ்டுக்கும் புதிதாக ஓடும் ஃபங்ஷன் ஸ்கோப்பில் திறந்து, முடிவில் ரோல்பேக் செய்வதே (மாற்றங்களை ரத்துசெய்வதே) பாதுகாப்பு. டெஸ்டுகளை ஒரே நேரத்தில் பல ப்ராசஸ்களில் ஓட்டும் எக்ஸ்டிஸ்ட் ப்ளக்இன் போட்டு 4 வொர்க்கரில் (ப்ராசஸில்) ஓட்டினால் செஷன் ஃபிக்ஸ்சர் ஒவ்வொரு வொர்க்கரிலும் தனித்தனியாக ஓடும் என்பதால், டேட்டாபேஸ் பெயரில் வொர்க்கர் ஐடியைச் சேர்க்காவிட்டால் ஒன்றின் தரவை மற்றொன்று அழிக்கும்.

மூட வேண்டியது எதுவும் இல்லையென்றால் ஃபிக்ஸ்சரே தேவையில்லை. தொகை 500 என்று கொடுத்து ஓர் ஆர்டரை உருவாக்கும் சாதாரண ஃபங்ஷன் போதும். அந்த 500 டெஸ்டுக்குள்ளேயே கண்ணில் படும். இந்த எளிய வழியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

‘சர்வர் இல்லையென்றால் ஸ்கிப்’ என்ற நிபந்தனையை ஃபிக்ஸ்சருக்குள் வைத்தால், அதைக் கேட்கும் டெஸ்ட் எல்லாம் தாமாகவே ஸ்கிப் ஆகும். லேப்டாப்பில் இது வசதி. கோட் மாறும்போதெல்லாம் டெஸ்டைத் தானாக ஓட்டும் சிஐ அமைப்பில் ஸ்கிப்பை ஃபெயிலாக மாற்றிவிடுங்கள். இல்லையேல் சர்வர் செத்துக் கிடந்தாலும் பச்சைதான் எரியும்.

பழைய யூனிட்டெஸ்ட் டெஸ்ட்கேஸ் கிளாஸ்களைப் பைடெஸ்ட் அப்படியே ஓட்டும். ஆனால் அவற்றின் மெத்தடுகள் ஃபிக்ஸ்சரை ஆர்க்யுமென்டாக வாங்க முடியாது. கேட்காமலே ஓடும் ஆட்டோயூஸ் அல்லது பெயர் சொல்லி இணைக்கும் யூஸ்ஃபிக்ஸ்சர்ஸ் மார்க் வழியாகத்தான் ஃபிக்ஸ்சர் அங்கே வரும். ஆட்டோயூஸை பொது ஃபிக்ஸ்சர்களை வைக்கும் மேல்மட்ட கான்ஃப்டெஸ்ட் ஃபைலில் குவித்தால், செட்அப்பில் இருந்த அதே தலைவலி இப்போது வேறு ஃபைலில் ஒளிந்திருக்கும். என்னென்ன ஓடுகிறது என்று சந்தேகம் வந்தால் ஓடும் ஃபிக்ஸ்சர்களைக் காட்டும் செட்அப்-ஷோ ஆப்ஷனோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.