கீசரை ஓடவிடுவதா, குளிக்கும்முன் போடுவதா?

மார்கழி வந்தால் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்து வீடுகளில் இந்த வாக்குவாதம் கிளம்பும். “திரும்பத் திரும்பச் சூடாக்கினால்தான் கரண்ட் செலவு, அப்படியே ஓடட்டும்” என்பது ஒரு கட்சி. “குளிக்கப் போகும்போது போடு, முடிந்ததும் அணை” என்பது இன்னொன்று.

கணக்கு இரண்டாவது கட்சிக்குத்தான் சாதகம். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்கு ஏற்ற அரை யூனிட்டுக்குச் சற்று மேலே ஆகும். 2 கிலோவாட் கீசருக்குக் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான வேலை. குளிக்கும் தண்ணீருக்கான இந்தச் செலவு இரு வழியிலும் உண்டு. ஓடவிட்டால் டேங்கிலிருந்து கசியும் சூட்டை ஈடுகட்டவும் கீசர் நடுநடுவே எரியும். உள்ளே சூடு எவ்வளவு அதிகமோ, கசிவும் அவ்வளவு அதிகம். அணைத்து ஆறவிட்ட தண்ணீர் குறைவாகத்தான் இழக்கிறது.

அப்புறம் நம்ம ஏரியா போர் தண்ணீர். கடினத் தண்ணீர் சூடாகச் சூடாகச் சுண்ணாம்பு படியும். தண்ணீரைச் சூடாக்கும் காயில் (கம்பிச்சுருள்) மேல் அது ஏறிவிட்டால் சூடாக நேரமும் பிடிக்கும், காயிலும் சீக்கிரம் போகும். நாளெல்லாம் சூடாகவே வைப்பது இதை நாமே வரவழைப்பது மாதிரி.

ஓடவிடுவதில் நியாயமே இல்லையா? உண்டு. ஐந்தாறு பேர் காலையில் ஒருவர்பின் ஒருவராகக் குளிக்கும் வீட்டில், அந்த நேரம் மட்டும் அணைக்காமல் விடலாம். சூட்டின் அளவைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை 50 டிகிரியில் வைத்தால் போதும். சென்னைக் குளிருக்கு அதுவே தாராளம்.