பத்து தடவைக்கு முன்பணம் கட்டி, முதல் நாளே கன்றிப்போன முதுகோடு வந்தேன்

மூன்று மாதமாக வேலை நெருக்கடி. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்புத் தட்டினால் விடியும்வரை தூக்கம் கிடையாது. தோள்பட்டை இரண்டும் காதைத் தொடுகிற மாதிரி ஏறி இறுகிக் கிடந்தன. மசாஜ் செய்துகொண்டால் கொஞ்சம் தளரும் என்றார் நண்பர். அவர் சொன்னதில் தப்பில்லை, நான் போய் விழுந்த இடம்தான் தப்பு.

வரவேற்பில் ஒரு தாளை நீட்டினார்கள். பெயர், போன் நம்பர், கையெழுத்து, அவ்வளவுதான். கூடவே, "பத்து தடவைக்குச் சேர்த்துக் கட்டினால் பாதி விலை, இன்னைக்கு மட்டும்தான் சார்." தூக்கமில்லாதவனுக்குப் பேரம் பேசத் தெம்பு ஏது, கட்டிவிட்டேன்.

ரத்தம் உறையாமலிருக்க நான் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவன். அதை எழுதத் தாளில் இடமில்லை, கேட்கவும் ஆளில்லை. எண்ணெய் தடவி நீவப் போகிறார்கள், இதற்கு எதற்கு மாத்திரைக் கதை என்று நானும் வாயைத் திறக்கவில்லை. அது என் மடத்தனம். ஆனால் கேட்பது அவர்கள் வேலை. என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், சமீபத்தில் ஆபரேஷன் உண்டா, காய்ச்சலா, கர்ப்பமா, எந்த எண்ணெய் ஒத்துக்கொள்ளாது, இதையெல்லாம் கேட்காமல் தொழில் தெரிந்தவர் உடம்பில் கை வைக்க மாட்டார். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் உள்நாளத்தில் ரத்தம் உறைந்திருக்கலாம். அதை அமுக்கினால் கட்டி நகர்ந்து நுரையீரலில் போய் அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு.

குப்புறப் படுத்தேன். முகம் வைக்கிற ஓட்டை வழியாக மசாஜ் செய்கிறவருடைய கால் மட்டும் தெரிந்தது. ஐந்து நிமிஷத்துக்கொரு தடவை அந்தக் கால் நகர்ந்து போகும், போன் அதிர்வது நிற்கும், திரும்ப வரும். வந்ததும் தோள்பட்டை எலும்புக்கு அடியில் முழங்கையை ஊன்றி மொத்தக் கனத்தையும் இறக்கினார். மூச்சு நின்றுவிட்டது. "வலிக்குதுங்க" என்றேன்.

"தாங்கிக்கோங்க சார். வலிச்சாத்தான் உள்ள இருக்கிற நச்செல்லாம் வெளிய போகும்."

பல்லைக் கடித்துக்கொண்டு, கை மடக்கி, மூச்சை அடக்கிக் கிடந்தேன். டென்ஷன் குறைய வந்தவன் கிடக்கிற கோலமா இது?

அந்த நச்சுக் கதை சுத்தப் பொய். உடம்பின் கழிவை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும். உடற்பயிற்சியில் சேரும் லாக்டிக் அமிலம்கூட ஒரு மணி நேரத்துக்குள் தானாகவே கரைந்துவிடும், அதற்கு யார் முழங்கையும் தேவையில்லை. வலி மிஞ்சினால் தசை தன்னைக் காத்துக்கொள்ள இன்னும்தான் இறுகும், இதயத் துடிப்பும் ஏறும். மனம் அடங்குவதற்கான மசாஜ் என்றால் மெதுவான, சீரான அழுத்தம், நடுநடுவே "இந்த அழுத்தம் போதுமா?" என்ற கேள்வி; போர்த்திய துணி, அந்தந்த நேரத்துக்கு வேண்டிய இடத்தில் மட்டும் விலகுவது. பலனும் ஓரிரு நாள் நிம்மதி, கொஞ்சம் தூக்கம் என்ற அளவில்தான், ஆனால் அந்த நிம்மதி நிஜம்.

கடைசியில் என்னைக் கேட்காமலேயே தலையை இரண்டு கையாலும் பிடித்தார். கழுத்தை நெட்டி முறிக்கப் போகிறார் என்று புரிந்ததும் சடாரென்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். கழுத்தை வெடுக்கென்று திருப்பினால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரலாம். அபூர்வம்தான், ஆனாலும் முறையான பயிற்சி இல்லாதவர் கையில் கழுத்தைக் கொடுக்க எனக்கு மனசில்லை.

மறுநாள் காலை சட்டையைக் கழற்றினால் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு மூன்று கத்தரிப்பூக் கறைகள். போன் செய்தேன். "நல்லது சார், நச்சு வெளிய வருது" என்றார்கள். டாக்டரோ கறையைப் பார்த்துவிட்டு, தோலுக்கடியில் ரத்தம் கசிந்திருக்கிறது, இந்த மாத்திரையோடு எவர் இப்படி அழுத்தச் சொன்னது என்று என்னைத்தான் திட்டினார்.

மிச்சம் ஒன்பது தடவை. பணம் திரும்பக் கிடைக்காதாம், ரசீதின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருக்கிறது. நாலைந்து முறை நடந்த பிறகு பெரிய மனது பண்ணி ஒரு வழி சொன்னார்கள்: "உங்களுக்கு வேண்டாம்னா வீட்ல யாரையாவது அனுப்பி வைங்க சார்."

ரசீதை இன்னும் கிழிக்கவில்லை. புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன்.