தகாசாகி தருமா: கண் இல்லாமல் வரும் அதிர்ஷ்டப் பொம்மையை எப்படிப் பார்த்து வாங்குவது?

அதிர்ஷ்டம் தரும் என்று உலகெங்கும் விற்கிற பொருள்களில் பெரும்பாலானவை வாங்கி மாட்டியதோடு வேலை முடிந்துவிடும் ரகம். குதிரை லாடத்தை வாசலில் அடித்தால் போதும். துருக்கியின் நீலக் கண்மணியைக் கோத்துத் தொங்கவிட்டால் போதும். ஜப்பானின் தருமா அப்படியில்லை. முகத்தில் கண் இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளையாக விடப்பட்டுத்தான் கைக்கு வரும். வேண்டுதல் வைக்கும்போது ஒரு கண்ணை வரைய வேண்டும், நிறைவேறியதும் மற்றதை. அதுவரை ஒற்றைக் கண்ணோடு அது உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும். தொடங்கிய காரியத்தை இப்படி நினைவூட்டும் அதிர்ஷ்டப் பொருள் வேறு இல்லை என்பதால், ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் இதைத்தான் பரிந்துரைப்போம். ஆனால் அந்தப் பெயரில் விற்பதெல்லாம் அதே தரமில்லை.

வாங்க வேண்டியது தகாசாகி தருமா. தோக்கியோவுக்கு வடமேற்கே குன்மா மாகாணத்தில் இருக்கும் தகாசாகிதான் இந்தத் தொழிலின் தலைநகரம். ஊரின் ஷோரின்சான் தருமாஜி கோயில் 1697-இல் தொடங்கியது. 1783-இல் அசாமா எரிமலை வெடித்து, தென்மெய் பஞ்சம் வாட்டிய பிறகு, பிழைப்புக்கு வழி தேடிய விவசாயிகளுக்கு இந்தப் பொம்மை செய்யும் முறையைக் கோயிலின் ஒன்பதாம் தலைமைத் துறவி தோகாகு கற்றுக்கொடுத்தார் என்பது ஊரார் சொல்லும் வரலாறு. குளிர்காலத்தில் வயல் வேலை கிடையாது. மலையிலிருந்து இறங்கும் காற்றோ ஈரமே இல்லாதது. காகிதப் பொம்மை காய்வதற்கு இதைவிட நல்ல பருவம் வேண்டுமா? சுற்றுவட்டாரத்தில் பட்டுப்புழு வளர்த்தவர்கள் புழு நன்றாக விளைய வேண்டும் என்று வாங்கி வைத்ததில் வியாபாரம் நிலைத்தது. பொம்மையின் உருவம் போதிதர்மர். அவர் காஞ்சிபுரத்து இளவரசர் என்று ஒரு மரபு உண்டு என்பது நம்மவர்களுக்குத் தெரிந்ததே. கையும் காலும் இல்லாத வடிவம், ஒன்பது ஆண்டுகள் சுவரைப் பார்த்துத் தியானத்தில் அமர்ந்த கதையிலிருந்து வந்தது. சிவப்பு அவருடைய அங்கியின் நிறம். பெரியம்மையைச் சிவப்பு விரட்டும் என்ற பழைய நம்பிக்கையும் அதோடு சேர்ந்துகொண்டது.

நல்ல தருமாவின் உடல் காகிதக்கூழ். முன்பு மர அச்சின் மேல் காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி, காய்ந்ததும் முதுகில் கீறி அச்சை உருவுவார்கள். இப்போது பெரும்பாலும் கூழை அச்சில் உறிஞ்சவைத்து வார்க்கிறார்கள். அடியில் களிமண் எடையை ஒட்டி, சிப்பித்தூளும் பசையும் கலந்த வெள்ளைப் பூச்சு கொடுத்து, மேலே சிவப்பு ஏற்றி, கடைசியில் முகம் எழுதுவார்கள். தள்ளினால் எழுந்து நிற்பது தஞ்சாவூர் பொம்மை எழும் அதே கணக்குதான்: மேலே லேசு, அடியில் பாரம்.

கடையில் கையில் எடுத்ததும் அந்த எடையைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். பொம்மையை முழுக்கச் சாய்த்து விடுங்கள். நேராக எழுந்து, இரண்டு மூன்று ஆட்டத்தில் அடங்கினால் சரி. ஒரு பக்கம் சாய்ந்தே நின்றால் களிமண் நடுவில் ஒட்டப்படவில்லை என்று அர்த்தம். பிறகு அதைத் திருத்த முடியாது. காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே தடதடத்தால் எடை விட்டுப்போயிருக்கிறது. அடுத்தது முகம். தகாசாகி தருமாவில் புருவம் நாரையின் வடிவம், மீசை தாடி ஆமையின் வடிவம். இரண்டுமே நீண்ட ஆயுளின் சின்னங்கள். தூரிகையால் எழுதியதில் கோடு தொடக்கத்தில் தடித்து முனையில் மயிரிழையாக முடியும், இடதும் வலதும் துல்லியமாக ஒத்திருக்காது. அச்சிட்டதில் கோட்டின் விளிம்பு ஒரே சீராக இருக்கும். பீங்கானிலும் பிளாஸ்டிக்கிலும் வருபவை அலங்காரத்துக்கு மட்டும். கண் எழுதியே விற்பவற்றை இந்த வேண்டுதலுக்கு வாங்க வேண்டாம். செண்டாய் பகுதியின் மட்சுகாவா தருமா மட்டும் விலக்கு. நீலம் சேர்ந்த அந்த அழகான பொம்மைக்கு இரண்டு கண்ணும் எழுதியிருப்பதுதான் அவ்வூர் வழக்கம்.

கண் எழுதும் இடத்தில்தான் பலரும் சொதப்புகிறார்கள். முதலில் எழுத வேண்டியது பொம்மையின் இடக்கண். எதிரே அமர்ந்திருக்கும் உங்களுக்கு அது வலப்பக்கம். ஊருக்கு ஊர் வழக்கம் மாறும் என்றாலும் தகாசாகியில் இதுதான் முறை. ஒரு பொம்மைக்கு ஒரு வேண்டுதல். அதை முதுகிலோ அடியிலோ சிறிதாக எழுதலாம். பொம்மையை நிற்க வைத்து எழுதினால் மை வழியும். மல்லாக்கப் படுக்க வைத்து, ஆடாமல் இரு பக்கமும் துணியால் அண்டை கொடுங்கள். புகைக்கரியில் செய்த ஜப்பானிய எழுத்து மைதான் சிறந்தது; தண்ணீர் கலக்காமல் கெட்டியாகத் தொடவும். நடுவில் ஒரு புள்ளி வைத்து, அதைச் சுற்றிச் சுற்றிப் பெரிதாக்கி, ஓரத்தில் வெள்ளை வளையம் தெரியும்படி நிறுத்த வேண்டும். முதலிலேயே பெரிய வட்டம் போட்டு நிரப்பினால் வட்டம் கோணும். சாதாரண மார்க்கர் பேனாவில் எழுதினால் அப்போதைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் சாய மை வெளிச்சத்தில் வெளுக்கும். சில மாதம் கழித்து மறு கண்ணை எழுதும்போது ஒன்று பழுப்பாகவும் மற்றொன்று கறுப்பாகவும் நிற்கும். முதல் கண்ணின் அளவை ஒரு காகிதத்தில் வட்டமாகக் குறித்து எடுத்து வையுங்கள். இரண்டாவது கண் அதே அளவில் அமைய அது உதவும்.

தேர்தலில் வென்ற வேட்பாளர் பெரிய தருமாவுக்கு மறு கண் எழுதும் காட்சி ஜப்பானில் பிரபலம். இரண்டு கண்ணும் இருந்தால்தான் முழுமை என்ற தவறான எண்ணத்தை இது வளர்க்கிறது என்று பார்வையற்றோர் அமைப்புகள் சுட்டிக்காட்டியதால் சிலர் அதைத் தவிர்க்கிறார்கள். நியாயமான ஆட்சேபம்தான். பரிசாகக் கொடுப்பவர்கள் யாருக்குக் கொடுக்கிறோம் என்று யோசித்துக் கொடுப்பது நல்லது.

வைக்கும் இடம் கண் மட்டத்துக்கு மேலே, தினமும் பார்வை படும் அலமாரி. நேர் வெயிலில் சிவப்பு வெளிறும். ஈரம் அதைவிட மோசம்: காகிதம் உப்பி, சிப்பிப் பூச்சு அடிப்பகுதியிலிருந்து செதில் செதிலாக உரியத் தொடங்கும். ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. மென்மையான காய்ந்த தூரிகையால் தூசு தட்டினால் போதும்.

ஓராண்டு முடிந்ததும், வேண்டுதல் பலித்தாலும் பலிக்காவிட்டாலும், கோயிலில் திருப்பிக் கொடுத்து நன்றியோடு எரியூட்டச் செய்வது மரபு. பலிக்கவில்லை என்றால் பொம்மை மேல் குற்றமில்லை. புதியது வாங்கி மீண்டும் முதல் கண்ணிலிருந்து தொடங்கலாம். எரியூட்டலுக்குப் பிளாஸ்டிக் ஆகாது என்பதும் காகிதப் பொம்மையை வாங்கச் சொல்வதற்கு ஒரு காரணம். கோயிலுக்குப் போக வழியில்லாத ஜப்பானியர் உப்பு தூவி, வெள்ளைக் காகிதத்தில் சுற்றி அப்புறப்படுத்துகிறார்கள். நாமும் அப்படிச் செய்யலாம்.

இதற்கு மாற்றாகப் பலர் கேட்பது கையசைக்கும் பூனை, மானெகி நெகோ. கடை வைத்திருப்பவர்களுக்கு அது பொருத்தம்: இடக்கை தூக்கியது வாடிக்கையாளரை அழைக்கும், வலக்கை தூக்கியது பணத்தை அழைக்கும் என்பார்கள். ஐச்சி மாகாணத்தின் தொகோனாமே பீங்கான் பூனைகள் நன்றாக உழைக்கும். துருக்கிக் கண்மணி திருஷ்டிக்கானது. காரியம் கைகூட வேண்டும் என்பவர்களுக்கு அல்ல. அதிலும் கண்ணாடியை உருக்கிச் செய்ததைத்தான் எடுக்க வேண்டும், மேலே வர்ணம் பூசிய பிளாஸ்டிக்கை அல்ல.

அளவு 12 முதல் 18 சென்டிமீட்டர் வரை சரியாக இருக்கும். உள்ளங்கைக்குள் அடங்குபவை ஆயிரம் யென்னுக்குள்ளேயே கிடைக்கும், ஆனால் கண்ணின் இடம் மிகச் சிறிது. கை பழகாதவர்களால் வட்டமாக எழுத முடியாது. ஆண்டுக்கு ஆண்டு சற்றுப் பெரியதாக வாங்குவது வழக்கம் என்பதால் முதல் முறையே பெரியதற்குப் போக வேண்டியதில்லை. ஜனவரி 1, 2 தேதிகளில் தகாசாகி ரயில் நிலையம் அருகே தருமா சந்தை கூடும். 6, 7 தேதிகளில் ஷோரின்சானில் திருவிழா. தோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் தகாசாகிக்கு ஏறக்குறைய 50 நிமிடம். கோயிலுக்கு அருகிலுள்ள நிலையம் குன்மா யாவாதா. விமானத்தில் எடுத்துவருபவர்கள் பெட்டியில் போட வேண்டாம். மூக்கும் புருவமும்தான் முதலில் அடிபடும். துணியில் சுற்றிக் கைப்பையில் வையுங்கள்.