பங்கு வாங்கும் முன் ஒரு பகல்

மருமகன் மூன்று மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தார். மின்சாரக் கார்களுக்கு சார்ஜிங் நிலையம் நடத்தும் ஒரு சிறிய நிறுவனம். பங்கு விலை இறங்கிக் கிடக்கிறது, வாங்கிப் போடுங்கள் மாமா என்று. ஆண்டறிக்கையை அவர் கரைத்துக் குடித்திருந்தார். நான் ஒரு சனிக்கிழமை பிளாஸ்கில் சுக்குக் காப்பியோடு போய், ஆரல்வாய்மொழி அருகே நாற்கரச் சாலையோரம் இருக்கும் அவர்களுடைய நிலையத்தில் காலை 8 முதல் மாலை 6 வரை உட்கார்ந்துவிட்டேன்.

இடம் அருமையான தேர்வு. மதுரையிலிருந்து வரும் வண்டிகளுக்கு இங்கே வரும்போதுதான் பேட்டரி தீரும். போதாததற்கு ஆனி, ஆடியில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே கணவாய்க் காற்று நாகர்கோவில் பக்கம் போகும் காரை எதிரே நின்று தள்ளும். சார்ஜ் இன்னும் வேகமாகக் கரையும்.

ஆனால் நிலையம்? 60 கிலோவாட் இயந்திரம் ஒன்று, அதில் காரில் செருகும் ‘கன்’ இரண்டு. ஒன்றின் கைப்பிடியில் சணல் கயிறு சுற்றியிருந்தது. பழுது என்று அர்த்தமாம். உச்சி வெயிலில் திரையில் ஓர் எழுத்தும் தெரியவில்லை. வந்தவர்கள் இரண்டு கையையும் குவித்து, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். செயலியில் 500 ரூபாய் முன்பணம் போடாமல் இயந்திரம் அசையாது.

பத்து மணி நேரத்தில் ஐந்து கார்கள். ஒன்று ஓ.டி.பி. வராமல் திரும்பிப் போனது. மற்ற நான்கும் சேர்ந்து ஏற்றியது 84 யூனிட். முழு வேகத்தில் ஓடியிருந்தால் 600 யூனிட் கொடுத்திருக்கும். கார் வந்தாலும் வராவிட்டாலும் மின்வாரியத்துக்குக் கிலோவாட் கணக்கில் நிலையான கட்டணம் மாதந்தோறும் கட்டியாக வேண்டும்.

யூனிட் 22 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. மதுரைக் குடும்பம் ஒன்று 23 யூனிட் ஏற்றியது. வரி நீங்கலாக 506 ரூபாய். காத்திருந்த முக்கால் மணி நேரத்தில் எதிர்க் கடையில் ஏத்தம்பழ பஜ்ஜிக்கும் டீக்கும் 310 ரூபாய் கொடுத்தார்கள். அந்தக் கடைக்காரர் பங்கு வெளியிட்டால் யோசிக்காமல் வாங்குவேன்.

பழுதான கன் பற்றி உதவி எண்ணில் கேட்டேன். நான்கு நாளில் ஆள் வருவார் என்றார்கள். பதினோராம் நாள் அந்த வழியாகப் போனபோது இறங்கிப் பார்த்தேன். கயிறு மட்டும் புதிதாக மாற்றப்பட்டிருந்தது.