சியோலில் ஒரு அரண்மனைக்குத்தான் நேரமா? என் ஓட்டு சாங்தொக்குங்குக்கு

சியோலில் அரண்மனை என்றதும் எல்லோரும் கியொங்போக்குங்கைத்தான் சொல்வார்கள். 1395இல் கட்டிய முதன்மை அரண்மனை, பின்னணியில் மலை, வாசலில் காவலர் மாறும் சடங்கு. கொரிய மரபு உடையான ஹன்போக் உடுத்திப் போனால் டிக்கெட் கூட வேண்டாம். நல்ல படங்கள் கிடைத்தால் போதும் என்பவர்களுக்கு அதுவே சரி.

இரண்டு அரண்மனைகளையும் பார்த்த நான் சாங்தொக்குங் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம், அங்கே நிற்கும் பழைய மரக் கட்டடங்கள். 1592இல் ஜப்பான் படையெடுத்த போரில் இரண்டுமே எரிந்தன. சாங்தொக்குங்கைச் சீக்கிரமே எழுப்பி, மன்னர்கள் அங்கேயே குடியிருந்தார்கள். கியொங்போக்குங் 1860கள் வரை பாழாகக் கிடந்தது. மீண்டும் கட்டியதிலும் பெரும்பகுதியை ஜப்பானிய ஆட்சி இடித்துத் தள்ளியது. இன்று அங்கே பார்ப்பதில் பெரும்பாலானவை 1990க்குப் பிறகு மீட்டெடுத்தவை. முன்வாசல் குவாங்வாமுன்னை மீட்டெடுத்து முடித்ததே 2010இல்தான். சிம்மாசன மண்டபம், குளத்து நடுவே நிற்கும் கியொங்ஹோரு மண்டபம் போன்ற சில மட்டும் 1867 காலத்தவை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு கூத்தும் உண்டு. 1917இல் சாங்தொக்குங்கின் அந்தப்புரம் தீப்பிடித்தது. அதைத் திரும்பக் கட்ட, கியொங்போக்குங்கில் ராஜா ராணி படுக்கை மாளிகைகளைப் பிரித்து மரத்தை இங்கே கொண்டுவந்தார்கள். ஆக, அந்த அரண்மனையின் பழைய உத்தரங்களைப் பார்க்கவும் இங்கேதான் வரவேண்டும்! அப்படி எழுந்த ஹுயிஜொங்தாங்கின் முன்னால் கார் வந்து நிற்க ஒரு முகப்பு. இங்குள்ள சிம்மாசன மண்டபத்தில் மின்விளக்குகள். 1847இல் கட்டிய நக்சொன்ஜே என்ற இல்லத்தில் வண்ணப்பூச்சே கிடையாது, தூண்களில் மரத்தின் ரேகை அப்படியே தெரிகிறது. கடைசி பட்டத்து இளவரசரின் மனைவி 1989 வரை அங்கே வாழ்ந்தார்.

பின்புறத் தோட்டத்துக்குத் தனி டிக்கெட், நுழைய நேரம் குறித்துத் தருவார்கள். இலை சிவக்கும் காலத்தில் முன்பதிவு செய்யாமல் போனால் கஷ்டம். சதுரக் குளம், நடுவில் வட்டத் தீவு, தண்ணீருக்குள் இரண்டு கால் வைத்து நிற்கும் சிறு மண்டபம் என்று நின்று பார்க்க நிறைய. நான் போனது இலையுதிர் காலத்தில். பனியில் எப்படி இருக்குமோ, சொல்லத் தெரியவில்லை. ஏற்ற இறக்கம் அதிகம் என்பதால் முட்டிவலிக்காரர்களுக்குச் சமதளமான கியொங்போக்குங்தான் வசதி.

சாங்தொக்குங்குக்குத் திங்கள் விடுமுறை, கியொங்போக்குங்குக்குச் செவ்வாய். ஊரில் இருப்பது திங்கள் ஒருநாள் மட்டும் என்றால் இத்தனை வாதமும் வேண்டாம், கியொங்போக்குங்குக்கே போங்கள்.