‘பார்க்குக்குப் பக்கத்தில்’ என்று சொல்லும் ஓட்டல்கள்: ஆர்லாண்டோவுக்கு ரூம் போடுகிறவர்கள் கவனத்துக்கு

2024 மார்ச்சில் குடும்பத்தோடு, அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோ பக்கம் இருக்கும் டிஸ்னி வேர்ல்டு கேளிக்கைப் பூங்காக்களுக்குப் போய் வந்தோம். நான், கணவர், எட்டு வயது மகள், நாலு வயது மகன், கோவில்பட்டியிலிருந்து வந்து எங்களோடு இருந்த மாமனார், மாமியார். ஆறு பேர், ஐந்து இரவு. ரூம் தேடிப் போட்டது நான்தான். வேறு யாராவது போட்டிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

ஓட்டலின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆர்லாண்டோவுக்குப் பக்கத்து ஊரான கிசிமியில் 192ஆம் எண் சாலையில் வரிசையாக நிற்கும் ஓட்டல்களில் ஒன்று, அவ்வளவு போதும். அந்த ஒரு பெயரைத் தவிர்த்துவிட்டு அடுத்த வாசலில் போய் இதே மாதிரி மாட்டிக்கொண்டால் இந்தப் பதிவால் உங்களுக்கு என்ன லாபம்?

விளம்பரத்தில் இருந்தது இதுதான்: டிஸ்னிக்கு 3 மைல், எட்டே நிமிடம். பார்க்குகளுக்கு இலவச ஷட்டில் (ஓட்டலிலிருந்து போய்வரும் வண்டி). அடுத்தடுத்து இரண்டு ரூம். ஒரு ரூமுக்கு இரவுக்கு 79 டாலர். டிஸ்னிக்குள்ளேயே இருக்கும் ஓட்டல்களில் சாதாரண ரூமில் நாலு பேர்தான் தங்கலாம், ஆறு பேருக்கு இரண்டு ரூம் என்றால் விலை எங்கேயோ போனது. 79ஐப் பார்த்ததும் மனம் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. ஷட்டில்தான் இருக்கிறதே என்று வாடகைக் காரும் எடுக்கவில்லை. வரியோடு 896 டாலர் 65 சென்ட், திருப்பித் தரப்படாது என்ற வகையில், முன்கூட்டியே கட்டினேன். கட்டிவிட்டு வீட்டில் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

கவுண்டரில் முதல் அடி. ‘ரிசார்ட் கட்டணம்’ ஒரு ரூமுக்கு ஓர் இரவுக்கு 34 டாலர் 95 சென்ட். இரண்டு ரூம், ஐந்து இரவு, அதற்கும் 13.5 சதவீதம் வரி: கிட்டத்தட்ட 397 டாலர். எதற்கு என்று கேட்டேன். வைஃபை, நீச்சல் குளம், உடற்பயிற்சி அறை, அப்புறம் ஷட்டில் என்றார் கவுண்டரில் இருந்த பையன். இலவச ஷட்டில்! புக்கிங் பக்கத்தின் அடியில், மடித்து வைத்த ஒரு வரியைத் தட்டினால் இது வரும் என்பதைப் பிறகு பார்த்தேன். 2025 மே 12 முதல் அமெரிக்காவில் விதி மாறிவிட்டது. கட்டாயமாக வாங்கும் எந்தக் கட்டணத்தையும் சேர்த்துத்தான் ஓட்டல்கள் முதலிலேயே விலையைக் காட்டவேண்டும். ஆகவே இந்த ஒரு அடி உங்களுக்கு விழாமல் இருக்கலாம். கார் நிறுத்தும் கட்டணம் போல, வேண்டுமென்றால் மட்டும் என்று பெயர் வைத்து வாங்குவது அதில் வராது; அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது அடி ரூமில். ‘அட்ஜாயினிங் ரூம்’ என்று போட்டிருந்ததை, இரண்டு ரூமுக்கும் நடுவில் கதவு இருக்கும் என்று நான் புரிந்துகொண்டேன். இல்லை. அட்ஜாயினிங் என்றால் அடுத்தடுத்த ரூம், அவ்வளவுதான். உள்கதவு வேண்டுமென்றால் ‘கனெக்டிங் ரூம்’ என்று கேட்கவேண்டும். இது ஏமாற்று இல்லை, என் அறியாமை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு மகன் தாத்தாவிடம் போகவேண்டும் என்று அழுதபோது அவனைத் தூக்கிக்கொண்டு வெளி வராந்தாவில் போய்க் கதவைத் தட்டிய ஆளுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்கலாம்.

அத்தைக்கு முழங்கால் வலி. புக்கிங்கில் ‘சிறப்பு வேண்டுகோள்’ என்ற கட்டத்தில் தரைத்தளம் வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தேன். கொடுத்தது ஆகக் கடைசிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி. லிஃப்டின் மேல் ‘பழுது’ என்று ஒரு தாள். மாற்றித் தரக் கேட்டால், வேண்டுகோள் என்பது வேண்டுகோள்தான் மேடம், உறுதி இல்லை என்றார்கள். ரூமிலிருந்து லாபிக்கு என் நடையில் பத்து நிமிடம். ஷட்டில் புறப்படுவது லாபியிலிருந்து.

இனி ஷட்டில். இதுதான் நான் எழுத வந்த விஷயம்.

காலையில் 8:10க்கு ஒன்று, 10:40க்கு ஒன்று. திரும்ப மாலை 6:15, இரவு 10:15. ஒரு நாளைக்கு இவ்வளவுதான். அதிலும் முதல் நாள் இரவு எட்டு மணிக்குள் லாபியில் ஒரு நோட்டில் பெயர் எழுதவேண்டுமாம். நாங்கள் வந்து சேர்ந்ததே ஒன்பதரைக்கு. மறுநாள் காலை 8:10 வண்டியில் இடம் இல்லை. ஆறு பேர் என்பதால் பெரிய ஊபர் பிடித்துப் போனோம். ஃப்ளோரிடாவில் ஐந்து வயது வரை குழந்தைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம். பூஸ்டர் சீட் கையோடு கொண்டுபோயிருந்ததால் அதில் தப்பித்தோம். அதை நாள் முழுக்க என் கணவர் சுமந்தார் என்பது வேறு கதை.

அடுத்த நாள் நோட்டில் முதல் பெயர் எங்களுடையது. 7:40க்கு ரூமை விட்டுக் கிளம்பினோம். அத்தை ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். 8:10 வண்டி 8:30க்கு வந்தது. எங்களை ஏற்றிக்கொண்டு நேராகப் போகும் என்று பார்த்தால் பக்கத்து ஓட்டல் ஒன்றில் நின்றது, இன்னொன்றில் நின்றது, மூன்றாவதில் யாரோ மறந்துவிட்ட தொப்பிக்காக நின்றது. நாலு ஓட்டல்களுக்கும் சேர்த்து ஒரே வண்டி. 9:05க்கு இறக்கிவிட்டார்கள். எதிரே ஓர் ஏரி. ஏரிக்கு அந்தப் பக்கம், தொலைவில், சின்னதாகக் கோட்டை தெரிகிறது.

வெளியிலிருந்து வரும் ஓட்டல் வண்டிகளும் வாடகைக் கார்களும் அந்தக் கோட்டை இருக்கும் மேஜிக் கிங்டம் என்ற டிஸ்னி பார்க்கின் வாசல்வரை போவதில்லை என்பது எனக்கு அன்றுதான் தெரியும். பார்க் 1971இல் திறந்தபோதே அமைப்பு அப்படித்தான். கார் நிறுத்தும் இடமும் டிக்கெட் மையமும் ஏரியின் இந்தக் கரையில், பார்க் அந்தக் கரையில். நடுவில் படகிலோ மோனோரயிலிலோ போகவேண்டும். பை சோதனை, அப்புறம் படகுக்கு வரிசை, அப்புறம் படகு. நாங்கள் வாசலைத் தொட்டபோது 9:50. அந்த ‘எட்டு நிமிடம்’ எங்களுக்கு இரண்டு மணி பத்து நிமிடம் ஆனது.

“பக்கம்னு சொன்னியேம்மா” என்றார் அத்தை. கோபமே இல்லாமல் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

3 மைல் என்பது பொய்யா என்றால், அதுவும் இல்லை. டிஸ்னியின் நிலம் சுமார் 40 சதுர மைல். பழைய சென்னை மாநகராட்சி எல்லையில் பாதிக்கும் மேல். 3 மைல் என்று அவர்கள் அளந்தது அந்த எல்லைக் கோடுவரை. எல்லையில் வளைவு ஒன்று இருக்கும், அதில் மிக்கி மவுஸ் சிரிக்கும், அங்கிருந்து மேஜிக் கிங்டத்துக்கு இன்னும் மைல் கணக்கில் போகவேண்டும். உள்ளே நாலு பார்க்குகள் நாலு திசையில். எதற்கு 3 மைல் என்று நான் கேட்கவே இல்லை. அந்தச் சாலையில் நிறைய ஓட்டல்களின் பெயரிலேயே ‘மெயின்கேட்’ என்று ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கேட்டில் யாரும் டிக்கெட் கிழிப்பதில்லை. ஆர்லாண்டோவின் இன்னொரு பெரிய கேளிக்கைப் பூங்காவான யுனிவர்சலுக்குப் போகிறவர்களுக்கும் இப்போது இதே சிக்கல்: 2025 மே மாதம் திறந்த அவர்களுடைய புதிய பார்க் எபிக் யுனிவர்ஸ் பழைய இரண்டு பார்க்குகளின் பக்கத்தில் இல்லை, சில மைல் தள்ளி. ‘யுனிவர்சலுக்கு நடக்கும் தூரம்’ என்று பார்த்தால் எந்த யுனிவர்சல் என்று கேளுங்கள்.

இரவில் திரும்பி வந்ததைச் சொல்லாமல் விட்டால் எனக்கு மனசு ஆறாது. வாணவேடிக்கைதான் பிள்ளைகளுக்கு உயிர். அது முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வருகிறது. மோனோரயிலுக்கு ஒரு கடல், படகுக்கு ஒரு கடல். மகன் தோளில் தூங்கிவிட்டான். ஏரியைக் கடந்து வண்டி நிற்கும் இடத்துக்கு நாங்கள் ஓடி வந்தபோது 10:20. வண்டி போய்விட்டது. காலையில் இருபது நிமிடம் தாமதமாக வந்த அதே வண்டி, இரவில் மட்டும் நேரம் தவறாத தர்மவான். மறுபடி ஊபர், அந்த நேரத்தில் எல்லோரும் அதைத்தான் தேடுவார்கள் என்பதால் கட்டணம் ஏறி 74 டாலர். அந்தப் பயணத்தில் மொத்தம் நாலு தடவை இப்படிப் போய் 236 டாலர் ஆனது. 790 என்று விளம்பரத்தில் பார்த்தது 1,500ஐத் தாண்டியது. நேர்மையாகச் சொன்னால், டிஸ்னிக்குள் தங்கியிருந்தால் அதைவிடக் கூடத்தான் ஆகியிருக்கும். ஆனால் அங்கே தங்குகிறவர்களைத் தினமும் எல்லாப் பார்க்குகளிலும் அரை மணி நேரம் முன்னதாக உள்ளே விடுகிறார்கள், காரில் போனால் பார்க்கில் நிறுத்தக் காசு இல்லை. மற்றவர்களிடம் நாங்கள் போன காலத்தில் ஒரு நாளைக்கு 30 டாலர் வாங்கினார்கள்.

இடையில் ஒரு கிளைக்கதை. நான் லாபியில் சத்தம் போட்டதைப் பார்த்து, ஓரத்தில் மேசை போட்டிருந்த ஓர் அம்மா மெதுவாக வந்தார். பார்க் டிக்கெட்டில் தள்ளுபடி, சிரமத்துக்குப் பரிகாரமாம். கணவன் மனைவி இரண்டு பேரும் வந்து காலை உணவு சாப்பிட்டு 90 நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் போதுமாம். டைம்ஷேர் விற்பனை, அதாவது விடுமுறை வீட்டில் வருடத்துக்குச் சில நாள் தங்கும் உரிமையை விற்பது. போனோம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். 90 நிமிடம் மூன்றரை மணி நேரம் ஆனது. ஆள் மாறி ஆள் வந்து உட்கார்ந்தார்கள். மாமாவையும் கூட அழைத்துப் போயிருந்தோம். கூட்டுறவு வங்கியில் முப்பது வருடம் கடன் விண்ணப்பம் படித்தவர். வருடப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, அது ஏறுமா, உச்சவரம்பு எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று என்னை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அவர்களே எழுந்து வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள். யாராவது களைப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டால், ஃப்ளோரிடா சட்டத்தில் பத்து நாட்களுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்ய உரிமை உண்டு. போனில் சொல்லிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள்.

ஊருக்கு வந்ததும் பணத்துக்காக அலைந்தேன். ஓட்டலைக் கேட்டால் நீங்கள் புக் செய்த தளத்தைக் கேளுங்கள் என்றார்கள். தளத்தைக் கேட்டால் ஓட்டல் ஒப்புக்கொள்ளவேண்டும் என்றார்கள். நல்லவேளையாக நோட்டுப் பக்கத்தையும் லிஃப்ட் தாளையும் ஷட்டில் நேர அட்டையையும் படம் எடுத்து வைத்திருந்தேன். ‘இலவச ஷட்டில்’ என்ற விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்துக் கிரெடிட் கார்டில் முறையீடு போட்டேன். ஏழு வாரம் கழித்து ரிசார்ட் கட்டணத்தில் பாதி வந்தது. ரூம் காசு போனது போனதுதான்.

அதற்குப் பிறகு இந்த ஊரின் வரைபடத்தை நான் படித்த அளவு பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை. டிஸ்னிக்கு உள்ளேயே வசதி என்பது ஒரே மாதிரி இல்லை. கான்டெம்ப்ரரி ஓட்டலிலிருந்து மேஜிக் கிங்டத்துக்குப் பத்து நிமிடத்தில் நடந்தே போகலாம். விலை நமக்குத் தாங்காது. நடுத்தர வீட்டுக்குப் பார்க்கவேண்டியது ஸ்கைலைனர் என்ற கம்பிவடப் பெட்டி நிற்கும் டிஸ்னி ஓட்டல்கள்: பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன், கரீபியன் பீச். அதில் ஏறினால் எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ் என்ற இரண்டு டிஸ்னி பார்க்குகளுக்கும் போகலாம், ஸ்ட்ரோலரை மடிக்கக்கூட வேண்டாம். மேஜிக் கிங்டத்துக்கு அங்கிருந்தும் பஸ்தான். இடி மின்னல் வந்தால் ஸ்கைலைனரை நிறுத்திவிடுவார்கள். ஃப்ளோரிடாவில் கோடைக்கால மதியங்களில் அது அடிக்கடி வரும். ஆர்ட் ஆஃப் அனிமேஷனில் ஆறு பேர் தங்கும், இரண்டு குளியலறை உள்ள குடும்ப சூட்கள் இருக்கின்றன. அதே வளாகத்தில் லிட்டில் மெர்மெய்ட் பகுதி ரூம்கள் லாபியிலிருந்து ஆகத் தொலைவில் இருப்பவை. முட்டி வலிக்காரர்களோடு போகிறவர்கள் ஓட்டலை மட்டும் பார்த்தால் போதாது, எந்தக் கட்டடம் என்றும் பார்க்கவேண்டும். கரீபியன் பீச்சும் பெரிய ஏரியைச் சுற்றிப் பரந்து கிடப்பது, அதற்கும் இதே பேச்சுத்தான்.

இந்த டிசம்பரில் என் அம்மா அப்பா வருகிறார்கள். மறுபடி ஆர்லாண்டோ, மறுபடி வெளி ஓட்டல், பட்ஜெட் அப்படி. இந்தத் தடவை பதினோரு ஓட்டல்களுக்கு நானே போன் செய்தேன். புக்கிங் தளத்தின் எண்ணுக்கு இல்லை, நேராக ரிசப்ஷனுக்கு. ஷட்டில் ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை ஓட்டலுக்குப் பொது, மேஜிக் கிங்டத்தில் சரியாக எந்த இடத்தில் இறக்குவீர்கள், கடைசி வண்டி வாணவேடிக்கைக்கு முன்னா பின்னா, லிஃப்ட் இன்று ஓடுகிறதா. நாலு பேர் தளத்தில் பாருங்கள் என்று வைத்துவிட்டார்கள். மூன்று பேர் எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ சொன்னார்கள், எத்தனை என்ற கேள்விக்கும் சேர்த்து. மற்றவர்கள் சொன்ன நேரங்களைக் கேட்டாலே கால் வலித்தது. ஒரு பெண் மட்டும், “ஷட்டில் இருக்கிறது, ஆனால் வயதானவர்களோடு வருவதானால் அதை நம்பி வராதீர்கள், கார் எடுத்துவிடுங்கள்” என்றார். அவரிடமே தரைத்தளத்தில் இரண்டு கனெக்டிங் ரூம் போட்டேன், ரத்து செய்யக்கூடிய வகையில், உறுதி என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொண்டு.

போன வாரம் வீடியோ காலில் அத்தையிடம் சொன்னேன். “இந்தத் தடவையாவது பக்கமா?” என்றார்.

“இல்லை அத்தை. ஒன்பது மைல்.”